வெந்நீர் பட்ட பூனைமீசை

பூனைமீசைச் செடியை வளர்க்க ஒரு திறமையும் வேண்டாம். ஒரு குச்சியை ஒடித்து ஈரமண்ணில் செருகிவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்வந்தால்கூட, அது பாட்டுக்குத் தழைத்து நிற்கும். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தால் ஒரே வாரத்தில் வெள்ளை வெள்ளையாய் வேர் விடும். அதைச் சாகடிக்க வேண்டுமென்றால்தான் மெனக்கெட வேண்டும். சுவா சூ காங் பேட்டையில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்த மருதப்பன் அப்படி மெனக்கெட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

அதற்காக அவரைக் கெட்ட மனுஷர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் எட்டு மணிக்கு வீடு. மறுபடி பன்னிரண்டரைக்குப் போனால் மூன்று மணிக்கு வீடு. மனைவி கமலம் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரைக்கும் தன் குரலையே அவர் கேட்க மாட்டார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னதும் இவரும் பதிலுக்கு வணக்கம் சொன்ன நாள்கள் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஆறு வருடம் அப்படி இருந்து பார்க்கட்டும்.

செடி வந்த கதை சின்னது. அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது, பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்த மலாய்க்கார நண்பர், பூனைமீசையின் மலாய்ப் பெயரைச் சொல்லி, "மிசாய் கூச்சிங், இலையை அவிச்சுக் குடி" என்று ஒரு குச்சியைக் கொடுத்தார். கல் மாத்திரையில் போனதா, குடித்த தண்ணீரில் போனதா, இலையில் போனதா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கல் போய்விட்டது, செடி தங்கிவிட்டது. ஒரு பெயின்ட் டின்னில் இருந்தது எட்டுத் தொட்டிகளாய்ப் பெருகி, வீட்டு வாசலில் தாழ்வாரச் சுவரை ஒட்டி வரிசையாய் நின்றது. வெள்ளைப் பூவிலிருந்து நீள நீளமாய் நூல் நீட்டிக்கொண்டிருக்கும், அச்சு அசல் பூனை மீசைதான்.

அந்தப் பூவைப் பார்த்துத்தான் வைதேகி வந்தாள். அதே புளோக்கில் ஒன்பதாவது மாடி. ஐம்பத்திரண்டு வயது. லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில் ரவிக்கை தைக்கிற கடையில் வேலை. அந்தக் கடையில் கழிவறை கிடையாது. நாலு கடை தள்ளிப் போகவேண்டும் என்பதால் வருடக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் தைத்து, அவளுக்கும் கல் வந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்த களைப்போடு, இரும்புக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, இது பூனைமீசைதானே? கொஞ்சம் எலை கெடைக்குமா? டாக்டர்ட்ட கேட்டுட்டேன். மாத்திரைய விடாம இதையும் குடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு."

"தாராளமா பறிச்சுக்கங்கம்மா. பத்து எலைக்கு ரெண்டு கப் தண்ணி. ஒண்ணரை கப் ஆகுற வரைக்கும் கொதிக்க விடுங்க. சீனி போட்டுடாதீங்க."

"மொத்தமாப் பறிச்சுக் காயவெச்சுக்கலாமா? தேக்கா சந்தையில பாக்கெட் பாக்கெட்டா தொங்குதே."

மருதப்பன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் வைக்கோல்மா. காஞ்சா சத்து போயிடும். பச்சையாத்தான் போடணும். மூணு நாளைக்கு மேல ஃபிரிட்ஜ்லயும் தாங்காது, கறுத்துடும்" என்றார். காய்ந்த இலையைத்தான் அந்த மலாய்க்கார நண்பர் பரம்பரை பரம்பரையாகக் குடிக்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வைதேகி வந்தாள். வெறுங்கையோடு வரமாட்டாள். தேக்காவிலிருந்து இரண்டு உளுந்து வடை, ஒரு நாள் நாலு வாழைப்பழம், ஒரு நாள் கடையில் மிஞ்சிய துணியில் தைத்த கைப்பிடித்துணி என்று ஏதாவது இருக்கும். மூன்றாவது வாரம் மருதப்பன் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அவள் வெளியே உட்காருவாள், இவர் வாசற்படிக்கு உள்ளே நிற்பார். கால் மணி நேரம் பேசுவார்கள். எந்த அம்மா ரவிக்கையை மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொன்னாள், எல்ஆர்டி ரயில் எத்தனை நிமிஷம் நின்றது, இதுதான் பேச்சு. இதற்காகத் திங்கட்கிழமையே முடி வெட்டிக்கொள்கிற ஆளாக மாறிவிட்டார் மருதப்பன்.

நாலு மாதம் இப்படிப் போனபிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அவள் எழுந்து புடவையைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"அண்ணே, ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்களேன். நானே மேல வெச்சுக்கிறேன். வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து உங்களத் தொந்தரவு பண்ணிக்கிட்டே இருக்கேன் லா."

தொந்தரவாம்! மருதப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'தொந்தரவு இல்லம்மா, வாங்க' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் தனியாக இருக்கிற ஆம்பிளை, தனியாக இருக்கிற பொம்பிளையிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? அவள் என்ன நினைப்பாள்? பக்கத்து வீட்டு நூருன்னிசா காதில் விழுந்தால் என்ன ஆகும்? 

"செவ்வாக்கெழம தர்றேம்மா. நல்ல குச்சியாப் பாத்து வெட்டணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நல்ல குச்சியாகத்தான் பார்த்து வெட்டினார். கெட்டிலில் தண்ணீர் கொதித்து அணைந்தது. குச்சியின் அடிப்பாகத்தை வெந்நீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணினார். மேலே இலையெல்லாம் பச்சைப் பசேலென்று ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. ஈரத்துணியில் சுற்றி வைத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, "கறுத்துப்போச்சுண்ணே" என்று வந்து நின்றாள். "மொத தடவ அப்படித்தான்மா, விடுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு இன்னொன்று கொடுத்தார். அதற்கும் வெந்நீர்தான். மூன்றாவது குச்சியைக் கொடுத்தபோது கடையில் புதிதாக ஒரு தொட்டியும் மண்ணும் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். மருதப்பனுக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும் உறுத்தல் போய்விடும். ஒரு செடிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவதும் செத்தபிறகு, "என் கையில ராசி இல்லண்ணே" என்றாள் வைதேகி. மருதப்பன் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் கண் சிரிக்கவில்லை என்பதை அவர் பார்த்திருக்க வேண்டும். வடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. வைதேகி இலை பறிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். கையில் கைப்பேசி அணைவதும் எரிவதுமாய் இருந்தது.

"தங்கச்சி கூப்பிடுறா. எடுக்கல."

தங்கை அனுப்ரியாவைப் பற்றி மருதப்பனுக்குத் தெரியும். அம்மா போனபோது அனுப்ரியாவுக்கு ஆறு வயது. வைதேகி கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்த பிள்ளை. இப்போது சிராங்கூனில் இருக்கிறாள்.

"ஏம்மா, சண்டையா?"

"உண்டாயிருக்காண்ணே. ஆறு மாசம் முடிஞ்சு ஏழாவது ஆரம்பிக்கப் போகுது. முப்பத்தெட்டு வயசு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ வந்து, நிக்கல. அதனால இந்தத் தடவ அஞ்சு மாசம் வரைக்கும் என்கிட்டகூட சொல்லல. இப்ப வந்து கூட இரு அக்கான்னு கூப்பிடுறா. புள்ளைய மொதமொதல்ல நீதான் கையில வாங்கணும்கா, அப்பத்தான் எனக்குத் தைரியம்னு அழறா."

"நல்ல சேதியாச்சே! போய் இருங்க."

"மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

வைதேகி தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

"மொத தடவ சேதி கேட்டதும் இந்தக் கையாலதான் அவ வாயில சீனி போட்டேன். ரெண்டாவது தடவயும் நான்தான். அப்பவே மனசுல ஒரு முள்ளு குத்துச்சு. சேச்சே, அப்படியெல்லாம் நெனக்கக்கூடாதுன்னு தள்ளிட்டேன். நீங்க குடுத்த குச்சி மொதல்ல செத்தப்ப தண்ணி சரியில்லன்னு நெனச்சேன். அடுத்தது மண்ணு சரியில்லன்னு மண்ண மாத்துனேன். மூணாவதும் செத்துப்போச்சே? எங்க போட்டாலும் வேர் விடுற செடின்னு நீங்களே சொன்னீங்க. என் கையில மட்டும் கருகுது. அந்தப் புள்ளைய நான் தொடமாட்டேண்ணே. அதுவாவது நல்லா இருக்கட்டும். நான் இங்கயே இருந்துக்கிறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை பறித்துக்கொண்டு போய்விட்டாள். மருதப்பன் கதவைப் பிடித்தபடி நின்றார். அந்த நிமிஷத்தில் அவர் மனசில் முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். 'இங்கயே இருந்துக்கிறேன்' என்றாளே, அதுதான் தோன்றியது. செவ்வாயும் வெள்ளியும் பத்திரமாக இருக்கிறது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். விட்டபிறகுதான், தான் எதற்கு அப்பாடா என்றோம் என்பது உறைத்தது. அன்றைக்கு அவர் வடையைத் தொடவில்லை. தன்னைத் தானே வாய்விட்டுத் திட்டினார். வீட்டில் திட்டக்கூட வேறு ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று கிளம்பி லிட்டில் இந்தியாவுக்குப் போனார். தெரு முழுக்க விடுமுறை நாள் கூட்டம். கேம்பல் லேனில் தையல்கடைக்கு எதிரே ஒரு தூண் ஓரமாக நின்றார். கண்ணாடிக்குள் வைதேகி குனிந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு அம்மா துணியை விரித்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். வைதேகி தலையை மட்டும் ஆட்டினாள். சொன்னால் இவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். போனால் திரும்பி வருவாளா? வந்தாலும் இந்த மூஞ்சியில் முழிப்பாளா? இருபது நிமிஷம் நின்றுவிட்டு, தேக்கா சந்தையில் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். கத்தரிக்காய் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வரும் வழியில் ரயிலில்தான் ஒரு யோசனை வந்தது. எதற்குச் சொல்லவேண்டும்? நல்ல குச்சி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதுமே! அது வேர் விடும், துளிர்க்கும், அவளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை வந்துவிடும். தான் செய்தது யாருக்கும் தெரியவேண்டாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்டிலைத் தொடாமல், இருப்பதிலேயே இளசான குச்சியாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்தார்.

வைதேகி அதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாண்ணே."

"இது நல்லா வரும்மா. இத மட்டும் வெச்சுப் பாருங்க."

"என் கையால இன்னொண்ணு சாகவேணாம். எலை மட்டும் போதும்."

"நான் சொல்றேன்ல, வரும்."

"மூணு தடவயும் நீங்க அதைத்தாண்ணே சொன்னீங்க."

அவர் நீட்டிய குச்சி நீட்டியபடியே இருந்தது. அவள் முதுகைக் காட்டிக் குனிந்து, கடைசித் தொட்டியில் இலை பறிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு இலையையும் செடிக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்து கிள்ளினாள். அதைப் பார்த்ததும் மருதப்பன் குச்சியை இறக்கினார்.

"உங்க கை இல்லம்மா. என் கை."

அவள் நிமிர்ந்தாள்.

"மூணு குச்சியையும் வெந்நீர்ல முக்கித்தான் குடுத்தேன். உள்ள அந்தக் கெட்டில்லதான் தண்ணி கொதிக்க வெச்சேன். பத்து எண்ணுற வரைக்கும் புடிச்சிருந்தேன். அதுக்கு மேல எந்தக் கையில வெச்சாலும் வேர் விடாது. காஞ்ச எலைல சத்து போயிடும்னு சொன்னதும் பொய்."

வைதேகிக்குப் புரிய நேரம் பிடித்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில் ஏதோ ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எதுக்குண்ணே?"

"செடி வந்துட்டா நீங்க வரமாட்டீங்களே. வேற யாரும் இந்த வாசலுக்கு வர்றதில்ல."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் தேவலாம். அவள் தன் கைகளை மறுபடி விரித்துப் பார்த்தாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு இந்தக் கையைப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன்" என்றாள். கையை மடக்கிக்கொண்டு, "வாய்விட்டுக் கேட்டிருந்தா வந்திருப்பேனே. எனக்கு மட்டும் மேல யாரு இருக்கா?" என்றாள்.

அவள் கையை நீட்டினாள்.

"அந்தக் குச்சியக் குடுங்க."

கொடுத்தார். பறித்த இலைகளை நாற்காலியின்மேல் வைத்துவிட்டு, குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். மின்தூக்கிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. ஒன்பதாவது மாடியில் விளக்கு எரியவில்லை என்பதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக நூருன்னிசா யாரிடமோ பேசும்போது காதில் விழுந்தது. நல்லதுதான், அதற்காகத்தானே சொன்னோம் என்று நினைத்தார். நினைத்துவிட்டு, ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறிக்க ஆளில்லாமல் எட்டுத் தொட்டியும் புதராய் மண்டிப் பூத்தன. பூ முற்றினால் இலைக்கு ருசி போய்விடும். அவர் பூவைக் கிள்ளவில்லை. இலையைக் காயவைத்து ஒரு நாள் கொதிக்கவைத்தும் குடித்துப் பார்த்தார். பச்சை இலைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

நாலு மாதம் போயிற்று. சிராங்கூனுக்கு ஒரு நடை போகலாமா என்று பலமுறை நினைத்தார். டோபி காட் நிலையத்தில் இறங்கி ரயில் மாறினால் போய்விடலாம். எந்த புளோக், எத்தனையாவது மாடி என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிக்கு வேனை நிறுத்திவிட்டு மேலே வந்தால், இரும்புக் கதவில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஒரு மைலோ டின், அதில் பூனைமீசை. நாலு கிளை விட்டு, முழங்கை உயரத்துக்குத் திமுதிமுவென்று வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன இனிப்புப் பெட்டி. சீட்டு ஒன்றும் இல்லை. கவிழ்த்துக்கூடப் பார்த்தார்.

பக்கத்துக் கதவு திறந்து நூருன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"வைதேகியக்கா வந்தாங்கண்ணே. ஒரு மணி இருக்கும். தங்கச்சி புள்ளையக் கையில வெச்சிருந்தாங்க. பொம்பளப் புள்ள, என்னா முடிங்கிறீங்க! மொதமொதல்ல நான்தான் வாங்குனேன், ஆஸ்பத்திரிலயே நர்சு என் கையிலதான் குடுத்தாங்கன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாங்க."

மருதப்பனுக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்தது. கண் கலங்கியது. "நல்லது, நல்லது" என்றார்.

"கொஞ்சம் இருங்கக்கா, அண்ணன் மூணு மணிக்கு வந்துடுவாருன்னு சொன்னேன். 'தெரியும்'னாங்க. சொல்லிட்டு இதை மாட்டிட்டுப் போயிட்டாங்க."

தெரியும்தான். பன்னிரண்டரைக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புவார் என்று வைதேகிக்கு நன்றாகத் தெரியும். மருதப்பன் டின்னை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

நூருன்னிசா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "எனக்கும் இந்த வாரம் கால் ரெண்டும் வீங்குதுண்ணே. டாக்டர்ட்ட கேட்டுட்டு இதைக் குடிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். கொஞ்சம் எலை…"

"குச்சியாவே தர்றேன்" என்றார் மருதப்பன். கையில் இருந்த வைதேகியின் செடியில் விரலை வைத்து, என்ன நினைத்தாரோ, அதை விட்டுவிட்டுக் குனிந்து தன் தொட்டியிலிருந்து ஒன்றை ஒடித்தார். "தண்ணில போட்டு வைங்க, ஒரு வாரத்துல வேர் விடும். அப்பறம் எந்த மண்ணுல வேணும்னாலும் வெச்சுக்கங்க. எலையைக் காயவெச்சு டின்னுல போட்டுக்கிட்டா வருஷம் முழுக்க வரும்."

"அப்படியா! அப்ப இனிமே உங்களத் தொந்தரவு பண்ணவேணாம்."

"தொந்தரவு இல்லம்மா" என்றார்.  "எலைக்குன்னு இல்ல. சும்மாவும் வரலாம். வாங்க."

உள்ளே நூருன்னிசாவின் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. "சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவள் குச்சியோடு உள்ளே ஓடினாள், கதவு சாத்திக்கொண்டது.

மருதப்பன் எட்டுத் தொட்டிகளை நெருக்கி நகர்த்தி மைலோ டின்னுக்கு இடம் பண்ணினார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, அது எப்போதும் இருக்கிற இடத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போனார்.